துப்பாக்கியைக் கடைசியில் வாங்குங்கள்

பத்து மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் இறங்க வேண்டும் என்று தோன்றிய மறுநாளே கடைக்குப் போய், டெலஸ்கோப் பொருத்திய ஸ்பிரிங் துப்பாக்கி ஒன்றை வாங்கிவிட்டேன். "போட்டிக்கே இதைத்தான் சார் வாங்குகிறார்கள்" என்றார் கடைக்காரர். கிளப்பில் பயிற்சியாளர் அதைப் பார்த்துச் சிரித்துவிட்டார். அந்தப் போட்டியில் டெலஸ்கோப்புக்கே இடமில்லை. சிறு துளை வழியாகப் பார்க்கும் பீப் சைட்தான்.

ஆகவே முதலில் கிளப்பைப் பிடியுங்கள். கேட்க வேண்டியவை இரண்டு: பழக ரைஃபிள் தருவார்களா, நாள் கட்டணம் எவ்வளவு? ஏழு மாதம் கிளப் ரைஃபிளிலேயே ஓட்டினேன்.

கைக்காசு முதலில் சுடும்போது அணியும் ஜாக்கெட்டுக்குப் போகட்டும். முதுகைத் தாங்குவது அதுதான். பிளஸ் டூ வந்ததும் பல பிள்ளைகள் சுடுவதை நிறுத்திவிடுகிறார்கள். அவர்களுடைய ஜாக்கெட் பாதி விலைக்குக் கிடைக்கும். பொத்தான் போட்டு, ரைஃபிள் பிடிக்கும் நிலையில் நின்று பார்த்து வாங்குங்கள். தொளதொளவென்றிருந்தால் இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

சத்தமில்லாமல் காசைத் தின்பது பெல்லட், அதாவது குண்டு. போட்டியில் 60 குண்டு. வாரம் மூன்று நாள் அப்படிச் சுட்டால் 500 குண்டு டப்பா மூன்று வாரம்கூட வராது. நான் 20 குண்டோடு நிறுத்திக்கொண்டு, மீதி நேரம் குண்டில்லாமல் பழகினேன். சிலிண்டரில் அடைத்த காற்றால் சுடும் கிளப்பின் காற்றழுத்த ரைஃபிளில் அதற்கென்றே ஒரு அமைப்பு உண்டு. ஸ்பிரிங் துப்பாக்கியை மட்டும் வெறுமனே சுடாதீர்கள். பிஸ்டன் இடித்துக் கெட்டுவிடும்.

வீட்டுப் பயிற்சிக்கு ஒரு ஸ்டிக்கர் பொட்டு போதும். இலக்கின் கறுப்பு வட்டம் 30.5 மில்லிமீட்டர். ஐந்து மீட்டர் தள்ளி நின்றால் அதில் பாதி, 15 மில்லிமீட்டர் கறுப்புப் பொட்டு சரியாக இருக்கும். தரையிலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் ஒட்டினேன். ஏமாந்து வாங்கிய துப்பாக்கி இங்கேதான் உதவியது: டெலஸ்கோப்பைக் கழற்றிவிட்டு, ஸ்பிரிங்கை இழுக்காமல், வெறுமனே தூக்கி நிற்பேன்.

இடது முழங்கை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும். எடையை எலும்பு தாங்கட்டும். தசை தாங்கினால் ஐந்தாவது நிமிடமே நடுக்கம் வரும். ரேஞ்சில் பீப் சைட்டுக்குள் பார்த்தால், குழல் முனையிலுள்ள முன்வளையத்துக்குள் கறுப்பு வட்டம் மிதக்கும்; சுற்றிலும் ஒரே அளவு வெள்ளை தெரிய வேண்டும். வட்டம் அசையத்தான் செய்யும். நின்றபின் சுடலாம் என்று காத்திருந்தால் கண் களைத்துவிடும். பத்து வினாடிக்குள் ட்ரிக்கர் விழவில்லையென்றால் ரைஃபிளை இறக்கிவிடுங்கள். எனக்கு மிகக் கடினமாக இருந்தது இந்த இறக்குவதுதான். பத்து மதிப்பெண் தரும் நடுப்பொட்டு வெறும் 0.5 மில்லிமீட்டர், கசகசாவில் பாதி. "இந்த முறை விழுந்துவிடும்" என்று மனம் சொல்லிக்கொண்டே இருக்கும்.

எட்டாம் மாதம், இந்தியத் தயாரிப்பில் பழைய காற்றழுத்த ரைஃபிள் ஒன்றை வாங்கினேன். ஜெர்மன் ரைஃபிளென்றால் லட்சக்கணக்கில் ஆகும். பழையது வாங்கும்போது சிலிண்டரில் பொறித்திருக்கும் தேதியை முதலில் பாருங்கள். காலாவதியானால் விலை எவ்வளவு குறைந்தாலும் தொடாதீர்கள்.