கடைக்கும் ஆலைக்கும் கேமரா: கம்ப்யூட்டரில் பதிவா, தனி டிவிஆரா?

கேமரா வாங்க வருபவர்கள் பெரும்பாலும் எத்தனை கேமரா, என்ன விலை என்றுதான் கேட்கிறார்கள். படத்தை எதில் பதியப்போகிறோம் என்பதை அதற்கு முன்பே முடிவு செய்யுங்கள். கேமரா படத்தை வாங்கித் தரும் கேப்சர் கார்டைக் கம்ப்யூட்டருக்குள் செருகி, மென்பொருள் நிறுவிப் பதிவது ஒரு வழி. பதிவதற்கென்றே செய்த தனி டிவிஆர் பெட்டி இன்னொரு வழி. அதில் 4, 8 அல்லது 16 கேமராக்களை இணைக்கலாம்.

படி 1: மின்சாரத்தைப் பாருங்கள்

நம் டெல்டாவில் ஐப்பசி, கார்த்திகை மழையில் மின்சாரம் போவதும் வருவதுமாக இருக்கும். தனி டிவிஆர், மின்சாரம் திரும்பியதும் தானே எழுந்து பதியத் தொடங்கிவிடும். கம்ப்யூட்டர் அப்படியில்லை. மின்சாரம் வந்ததும் தானாக இயங்கும்படி பயாஸில் (விண்டோஸுக்கு முன்பே ஓடும் அடிப்படை அமைப்பில்) மாற்ற வேண்டும். விண்டோஸ் கடவுச்சொல் கேட்டு நிற்கக் கூடாது. பதிவு மென்பொருளும் தானே திறக்க வேண்டும். மூன்றில் ஒன்று தவறினாலும் கம்ப்யூட்டரில் விளக்கு எரியும், பதிவு இருக்காது.

யுபிஎஸ் கணக்கும் இதோடு சேர்ந்ததுதான். நான்கு கேமராக்களோடு தனி டிவிஆர் 40 வாட் அளவில் ஓடிவிடும். சாதாரண மேசைக் கம்ப்யூட்டரோ, கேமராக்களைச் சேர்க்காமலே 100 வாட்டைத் தாண்டலாம். அதே பேட்டரி எதை அதிக நேரம் தாங்கும் என்று சொல்லத் தேவையில்லை.

படி 2: பில் போடும் கம்ப்யூட்டரை ஒதுக்கிவிடுங்கள்

"கம்ப்யூட்டர்தான் இருக்கிறதே, அதிலேயே போட்டுவிடலாமே" என்று மன்னார்குடியிலும் கேட்கிறார்கள், கும்பகோணத்திலும் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். இரவு கடையைச் சாத்தும்போது கணக்குப் பிள்ளை அதை நிறுத்திவிட்டுத்தான் போவார். கேமரா எப்போது விழித்திருக்க வேண்டுமோ, அப்போது அது தூங்கிக்கொண்டிருக்கும்.

அரிசி ஆலை என்றால் உமித் தூசி வேறு. கம்ப்யூட்டரின் விசிறி தூசியை உள்ளே இழுத்து அடைத்துக்கொள்ளும். டிவிஆரையும் அரவை நடக்கும் இடத்தில் வைக்காமல், காற்றோட்டமுள்ள அலுவலக அறையில் உயரமாக வையுங்கள்.

பதினாறுக்கு மேல் கேமராக்கள், பல ஹார்ட் டிஸ்குகள், பார்த்துக்கொள்ளத் தனி ஆள் என்று இருக்கும் பெரிய நிறுவனத்துக்குக் கம்ப்யூட்டர் நன்றாகவே பொருந்தும். பழுதான பாகத்தை மட்டும் மாற்றலாம், பின்னால் விரிவாக்கலாம். மற்றவர்களுக்குத் தனி டிவிஆர்தான் என் பரிந்துரை.

படி 3: ஹார்ட் டிஸ்க் கணக்கு

ஒரு கேமரா வினாடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளைக்கு 21.6 ஜிபி. நான்கு கேமராவுக்கு ஏறத்தாழ 86 ஜிபி. 1 டிபி டிஸ்க் பதினொரு நாள் வரும். அறுவடைக் காலத்தில் மூட்டை குறைந்திருப்பது இரண்டு வாரம் கழித்துத்தான் தெரியவரும் என்றால், 2 டிபி வாங்குங்கள். கண்காணிப்புக்கென்று விற்கும் டிஸ்க்காகக் கேளுங்கள். அது இரவு பகலாக எழுதுவதற்காகச் செய்யப்பட்டது.

படி 4: இணைப்பு

கேமரா வயர், மானிட்டர், மவுஸ், கடைசியில் அடாப்டர். தேதியையும் நேரத்தையும் சரியாக வையுங்கள். நேரம் தவறான பதிவைப் போலீஸ் நிலையத்தில் காட்டினால் வீண் கேள்விகள் எழும். பெட்டியோடு வந்த கடவுச்சொல்லை உடனே மாற்றுங்கள். 2016இல் மிராய் என்ற தீநிரல், மாற்றப்படாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் டிவிஆர்களையும் கேமராக்களையும் கைப்பற்றியது.

களத்துமேட்டுக் கேமராவுக்குத் திறந்த வெளியில் வயர் இழுத்தால் மின்னல் அதிர்வு அதன் வழியே டிவிஆர் வரை வரும். சர்ஜ் தடுப்பானும் நல்ல எர்த்தும் போடுங்கள்.

படி 5: சோதனை

யுபிஎஸ்ஸையும் சேர்த்து முழுவதுமாக நிறுத்துங்கள். ஐந்து நிமிடம் கழித்துப் போடுங்கள். எதையும் தொடாமல் சற்றுக் காத்திருந்து, பழைய பதிவைத் திறந்து பாருங்கள். நிறுத்தியிருந்த நேரம் மட்டும் இடைவெளியாகத் தெரிந்து, அதன் பின் எல்லாக் கேமராவிலும் படம் தொடர வேண்டும். தொடரவில்லை என்றால், பொருத்தியவர் கிளம்புவதற்குள் சரிசெய்யச் சொல்லுங்கள்.