உடல் அசைவைப் பற்றிப் பலரும் தப்பாகப் புரிந்துவைத்திருப்பவை

மூளை ஆணையிடும், தசை சுருங்கும், கை அசையும். பள்ளியில் படித்து மனதில் தங்கிவிட்ட இந்த வரியில் பொய் எதுவும் இல்லை, ஆனால் பாதி விஷயம் விடுபட்டிருக்கிறது. எந்தத் தசை சும்மா இருக்க வேண்டும் என்பதையும் யாராவது சொல்ல வேண்டுமே!

முழங்கையை மெதுவாக மடக்கியபடி மறு கையால் மேல்கையைத் தொட்டுப் பாருங்கள். முன்பக்கம் இறுகியிருக்கும், பின்பக்கம் தொளதொளவென்று இருக்கும். வேலை இல்லாததால் பின்பக்கம் தானாகத் தளர்ந்துவிட்டது என்று நினைப்பதுதான் பெரிய தவறு. முன்தசையை இயக்கும் அதே நேரத்தில், தண்டுவடத்தில் உள்ள இடைநரம்புச் செல்கள் (நரம்புச் செல்களுக்கு இடையே செய்தி கடத்துபவை) பின்தசைக்கான மோட்டார் நியூரான்களை, அதாவது தசைக்கு ஆணை கொண்டுபோகும் நரம்புச் செல்களை, அடக்கிவைக்கின்றன. இந்த ஏற்பாட்டை விரிவாக ஆராய்ந்த பிரிட்டிஷ் உடலியல் அறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன், நியூரான்கள் பற்றிய கண்டுபிடிப்புகளுக்காக 1932-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். அதற்காக எதிர்த்தசை எப்போதும் அடங்கியே கிடக்கும் என்று அந்தப் பக்கமும் சாய்ந்துவிட வேண்டாம். வழுக்கும் தரையில் நடக்கும்போது இரண்டு பக்கத் தசைகளும் சேர்ந்து இறுகித்தான் மூட்டைப் பிடித்துக்கொள்கின்றன.

முழங்கால் சில்லுக்குக் கீழே மருத்துவர் தட்டினால் கால் உதறும். தசை இழுபட்ட செய்தி தண்டுவடம் வரை போய் அங்கிருந்தே திரும்பிவிடுகிறது, மூளையைக் கேட்பதில்லை. சரி, அப்படியானால் மூளைக்கு அதில் பங்கே இல்லையா? அதுவும் தப்பு. மேலிருந்து வரும் சமிக்ஞைகள் அந்த உதறலைக் கூட்டவும் குறைக்கவும் செய்கின்றன.

அடுத்தது, பாதி பலத்தில் தூக்கினால் தசையின் எல்லா இழைகளும் பாதியளவு சுருங்கும் என்ற எண்ணம். ஒரு மோட்டார் நியூரானும் அதன் பிடியில் உள்ள இழைகளும் ஒரே அணி. நியூரான் சமிக்ஞை அனுப்பினால் அத்தனை இழைகளும் ஒன்றாகச் சுருங்கும். எத்தனை அணிகளை அழைப்பது, எவ்வளவு வேகமாகச் சமிக்ஞை அனுப்புவது என்பதை வைத்துத்தான் பலம் கூடிக் குறைகிறது, பெரும்பாலும் சின்ன அணிகள்தான் முதலில் வரும். கண்ணை அசைக்கும் தசையில் ஓர் அணிக்குப் பத்து இழை போல இருக்கும், கெண்டைக்காலில் ஆயிரத்தைத் தாண்டும். பார்வையை மயிரிழை அளவுக்குத் திருப்ப முடிவதற்கு இது ஒரு காரணம்.

சிறுமூளைதான் தசைக்கு நேரடியாக ஆணை அனுப்புகிறது என்று பரீட்சையில் எழுதுபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதன் முக்கிய வேலை, நினைத்த அசைவையும் நடந்த அசைவையும் ஒப்பிட்டுத் திருத்துவது. அது பழுதானால் கை செயலிழந்துபோகாது. டம்ளரை எடுக்கப் போன கை அதைத் தாண்டிப் போகும், கிட்டே நெருங்க நெருங்க நடுங்கும்.

உடற்பயிற்சி செய்பவர்களுக்கு ஒன்று. முதல் சில வாரங்களில் உங்களால் தூக்க முடிகிற எடை ஏறுவது பெரும்பாலும் தசை பருத்ததால் இல்லை, நரம்பு மண்டலம் அணிகளை நன்றாக அழைக்கப் பழகிக்கொள்வதால். ஆகவே கையைச் சுற்றி டேப் வைத்து அளந்துவிட்டு, ஒன்றுமே ஏறவில்லை என்று முதல் மாதமே நிறுத்திவிடாதீர்கள்.