சூட்டு வலியா, பிரசவ வலியா: வீட்டிலேயே எப்படிக் கணிப்பது?

நிறைமாதத்தில் வரும் வலியெல்லாம் பிரசவ வலி அல்ல. புரண்டு படுக்கும்போதோ தும்மும்போதோ அடிவயிற்றின் ஒரு பக்கம் சுரீரென்று இழுத்து உடனே விட்டுவிட்டால், அது கருப்பையைத் தாங்கும் தசைநார்கள் இழுபடுவதால் வருவது. உண்மையில் குழப்பத்தை உண்டாக்குவது பொய் வலியான சூட்டு வலிதான். ஜான் பிராக்ஸ்டன் ஹிக்ஸ் என்ற ஆங்கிலேய மருத்துவர் 1872-இல் விவரித்த இந்தச் சுருக்கத்திலும் வயிறு இறுகித் தளரும் என்பதால், இறுக்கத்தை மட்டும் வைத்து முடிவு செய்ய முடியாது.

முடிவு சொல்வது கடிகாரம். உள்ளங்கையைத் தொப்புளுக்கு மேலே வைத்து, வயிறு கெட்டியாகத் தொடங்கும் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு வலி தொடங்கியதிலிருந்து அடுத்தது தொடங்கும் வரை உள்ளதே இடைவெளி; முந்தைய வலி முடிந்ததிலிருந்து கணக்கிடக் கூடாது. 9.10, 9.31, 9.40, 10.05 என்று தாறுமாறாக வந்து, தண்ணீர் குடித்து, சிறுநீர் கழித்து, இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்ததும் தணிந்தால் அது பெரும்பாலும் சூட்டு வலி. 9.10, 9.19, 9.27, 9.34 என்று நெருங்கி, ஒவ்வொன்றும் முந்தியதைவிட நீண்டு, இடுப்பின் பின்புறத்தில் பிடித்து முன்வயிற்றுக்கும் தொடைக்கும் பரவி, நடந்தாலும் படுத்தாலும் விடாமல் வந்தால் அது பிரசவ வலி.

ஊரிலிருந்து துணைக்கு வந்திருக்கும் அம்மா சீரகக் கஷாயம் வைத்துக் கொடுப்பார், தாராளமாகக் குடிக்கலாம். ஆனால் வலி வரட்டும் என்று விளக்கெண்ணெய் கொடுத்தால், மருத்துவரைக் கேட்காமல் குடிக்கவே கூடாது.

தலைப்பிரசவத்தில், ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை, ஒவ்வொன்றும் ஒரு நிமிடம் நீடித்து, ஒரு மணி நேரம் இப்படித் தொடர்ந்தால் கிளம்பலாம் என்பது பொதுவான கணக்கு. பெங்களூரில் வாகன நெரிசல் மிகுந்த மாரத்தஹள்ளியிலோ சில்க் போர்டு பக்கமோ இருப்பவர்கள், அதுவும் மாலை நேரத்தில், அதுவரை காத்திருக்கக் கூடாது என்பதே என் உறுதியான கருத்து. எட்டு நிமிட இடைவெளி வரும்போதே மருத்துவமனைக்குப் போன் செய்து, தாயி கார்டையும் (கர்ப்பகாலப் பரிசோதனை விவரங்கள் உள்ள அட்டை) ஸ்கேன் அறிக்கைகளையும் எடுத்துக்கொண்டு புறப்படுங்கள். இரண்டாவது குழந்தையென்றால் இன்னும் முன்னதாகவே கிளம்ப வேண்டும். முன்பு சிசேரியன் ஆனவர்கள், வலி சீராக வரத் தொடங்கியதுமே போய்விட வேண்டும்.

இரத்தக் கீற்றுடன் சளி போல வெளிப்படுவது கருப்பை வாய் இளகுவதன் அறிகுறி. அதன் பிறகும் வலி வரச் சில நாட்கள் ஆகலாம். பனிக்குடம் உடைந்தால் நிலைமை வேறு: வலி இல்லாவிட்டாலும் சுத்தமான நாப்கின் வைத்து, கசியும் நீரின் நிறத்தைப் பார்த்துக்கொண்டு மருத்துவமனைக்குச் செல்லுங்கள். அந்த நீர் பச்சையாகவோ பழுப்பாகவோ இருந்தாலும், மாதவிலக்குப் போல இரத்தம் போனாலும், குழந்தையின் அசைவு குறைந்தாலும், கடுந்தலைவலியோடு பார்வை மங்கினாலும், 37 வாரம் நிறையுமுன் வலி சீராக வந்தாலும், இடைவெளியைக் கணக்கிட்டுக்கொண்டிராமல் உடனே புறப்படுங்கள். வண்டி கிடைக்காவிட்டால் 108-ஐ அழையுங்கள்.