மேட்டுப்பாத்திக்கு நிறம் பார்த்துச் செடி எடுப்பது எப்படி

பெட்டி அடித்து, மண் கொட்டி, பாத்தி தயாராகிவிட்டதா? நர்சரிக்குக் கிளம்பும் முன் ஒரு கேள்விக்கு மட்டும் பதில் யோசித்துக்கொள்ளுங்கள். இந்தப் பாத்தியை எந்த நேரத்தில், எங்கே நின்று பார்க்கப் போகிறீர்கள்? எந்தப் பூ பிடிக்கும் என்பதெல்லாம் அதற்கப்புறம். காலையில் வேலைக்குப் போய் இருட்டும் நேரத்துக்கு வீடு திரும்புகிறவர் பாத்தி நிறைய ரத்தச் சிவப்புக் கோழிக்கொண்டை வைத்தால், அவர் கண்ணுக்கு அது என்றைக்கும் கறுப்பாகத்தான் தெரியும்.

வெளிச்சம் மங்க மங்க நம் கண்ணிலிருந்து முதலில் கழன்றுகொள்வது சிவப்பு. நீலமும் வெள்ளையும் கடைசிவரை நிற்கும். செக் நாட்டு உடலியல் அறிஞர் யான் புர்கின்யே 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே இதைக் கவனித்திருக்கிறார். அறிவியலில் இது இன்றும் அவர் பெயரிலேயே வழங்குகிறது. ஆகவே மாலையில் பார்ப்பவர்களுக்கு வெள்ளை நித்தியகல்யாணி, வெள்ளைக் காஸ்மாஸ், வெளிர்மஞ்சள் ஜினியா, நீல சால்வியா. உச்சிவெயிலில் ஜன்னல் வழியாகப் பார்ப்பவர்களுக்கு நேர்மாறு. அந்த வெயிலில் வெளிர் ரோஸ் எல்லாம் பலமுறை துவைத்த சட்டை மாதிரி வெளிறிப்போகும். அங்கே ஆரஞ்சு செண்டுமல்லி, குங்குமச் சிவப்பு ஜினியா, வாடாமல்லி என்று தைரியமாகப் போகலாம். தள்ளி நின்று பார்க்கும் பாத்தி என்றால் நீலத்தையும் ஊதாவையும் நம்பாதீர்கள், இலைப் பச்சைக்குள் கரைந்துவிடும். அவை காலடியில் இருக்க வேண்டிய நிறங்கள்.

அடுத்தது வெயில். ஆறு மணி நேரம் நேர்வெயில் விழுந்தால் மேலே சொன்ன பூக்கள் எல்லாமே வரும். அதற்குக் குறைந்தால் காசித்தும்பை, டொரேனியா. அதிலும் குறைந்தால் பூவை மறந்துவிட்டு இலைக்குப் போங்கள்.

என்னைக் கேட்டால், நல்ல வெயில் இருந்தாலும் பாத்தியில் கிட்டத்தட்ட பாதி இடம் இலைக்குத்தான். பூவுக்கு ஓய்வு நாட்கள் உண்டு. ஒரு கொத்து முடிந்து அடுத்தது வரும்வரை பாத்தி வெறிச்சென்று கிடக்கும். இலை நிறம் அப்படி லீவு போடாது. கோலியஸில் மட்டுமே அரக்கு, மாந்துளிர் நிறம், கிளிப்பச்சை ஓரம், நடுவில் ரோஸ் கோடு என்று ஒரு பாத்தியை நிரப்பும் அளவுக்கு வகை இருக்கிறது. ஆனால் பல கோலியஸ்கள் உச்சிவெயிலில் வெளுத்து ஓரம் கருகும், ஆகவே உயரமான செடியின் நிழல் விழும் பக்கம் வையுங்கள். அது பூங்கதிர் விட்டதும் கிள்ளி எறிந்துவிட வேண்டும், இல்லாவிட்டால் இலை சிறுத்துப்போகும். குரோட்டன்ஸ் இதற்கு எதிர்க்கட்சி: வெயில் பட்டால்தான் அதன் மஞ்சளும் சிவப்பும் ஏறும். ஆனால் அது புதர், ஒரு சின்னப் பாத்தியைச் சீக்கிரமே விழுங்கிவிடும். தொட்டியோடு விடுங்கள். கல்வாழையும் வேண்டாம், கிழங்கு பாத்தி முழுக்கப் பரவும். கலேடியம் அழகுதான், ஆனால் கடித்தால் வாய் எரிந்து வீங்கும். நித்தியகல்யாணியும் எல்லாப் பாகமும் நச்சு. தவழும் குழந்தையோ செடி கடிக்கும் நாயோ இருக்கும் வீட்டில் இந்த இரண்டையும் தவிர்ப்பதே நல்லது.

இலைக்கும் பூவுக்கும் நடுவில் நிற்பது வாடாமல்லி. அதன் உருண்டையைக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். காகிதம் போல மொடமொடவென்று அடுக்கடுக்காக இருக்கும் அந்த ஊதா, இதழ் அல்ல, பூவடிச் செதில். உண்மையான பூ அதற்குள்ளிருந்து எட்டிப் பார்க்கும் மிகச் சிறிய துணுக்கு. செதில் வாடிச் சுருங்குவதில்லை என்பதால்தான் நிறமும் வாரக்கணக்கில் நிற்கிறது. முதல் பாத்திக்கு ஒரே ஒரு செடி சொல்லுங்கள் என்றால் கண்ணை மூடிக்கொண்டு இதைச் சொல்வேன்.

நிறங்களைச் சேர்ப்பதில் என் கணக்கு: பூவில் மூன்று நிறம், கூடவே கொஞ்சம் வெள்ளை, அதற்கு மேல் வேண்டாம். ஒரு நிறம் எப்படித் தெரியும் என்பதைப் பக்கத்து நிறம்தான் முடிவு செய்கிறது. பாரிஸ் கோப்லான் திரைச்சீலை ஆலையில் 1824-ல் சாயப் பிரிவுத் தலைவரான வேதியியலாளர் ஷெவ்ரல், கறுப்பு நூல் எடுப்பாக இல்லை என்ற புகாரை ஆராய்ந்தபோது சாயத்தில் குறை காணவில்லை. கறுப்பை மங்கலாக்கியது அருகில் நெய்திருந்த நிறங்கள். பாத்தியிலும் அதேதான். ஊதா வாடாமல்லி பக்கத்தில் கிளிப்பச்சை இலை இருந்தால் இரண்டும் பளிச்சென்று எழும்பும். அதே வாடாமல்லியை அரக்கு கோலியஸ் பக்கத்தில் வைத்தால் இரண்டும் மூழ்கிவிடும்.

புது மண்ணைப் பற்றி ஒரு வார்த்தை. 8 அடி நீளம், 4 அடி அகலம், 1 அடி உயரப் பாத்திக்கு 32 கன அடி மண் பிடிக்கும். தண்ணீர் விட விட அது இரண்டு மூன்று அங்குலம் இறங்கும். புதர்ச்செடிகளை முதல் பருவத்தில் வைக்காமல் இருக்க இதுவும் ஒரு காரணம். மக்கு உரம் தாராளமாகக் கலந்த புது மண்ணில் காஸ்மாஸ் இலையும் தண்டுமாக நெடுநெடுவென்று வளர்ந்து பூக்க மறுக்கும். மாலைப் பாத்திக்காரர்கள் அதை அடுத்த பருவத்துக்குத் தள்ளிவைக்கலாம். கோழிக்கொண்டை, ஜினியா, கோலியஸ் மூன்றுக்கும் அந்தக் கொழுப்பு பிடிக்கும். மேட்டுப்பாத்தி சீக்கிரம் காயும். தண்ணீர் தேங்கினால் அழுகும் நித்தியகல்யாணிக்கு அதுவே சௌகரியம். காசித்தும்பைக்கு அப்படியில்லை, ஒருநாள் தண்ணீர் தவறினாலும் தொங்கிவிடும்.

பகலில் ஒரு பக்கமிருந்து பார்க்கும் 8-க்கு 4 பாத்தி என்றால் நான் இப்படி வைப்பேன்: பின்வரிசையில் அடிக்கு ஒன்றாக எட்டு ஜினியா, ஒரே நிறம். நடுவில் வாடாமல்லி மூன்று மூன்றாக, இடையிடையே கிளிப்பச்சை கோலியஸ். முன் ஓரத்தில் முக்கால் அடி இடைவெளியில் டேபிள் ரோஸ், பெட்டி விளிம்பில் வழிந்து தொங்கட்டும். ஒன்றொன்றாகக் கலந்து நட்டால் தூரத்திலிருந்து எந்த நிறமும் தெரியாது. ஜினியாவை நெருக்காதீர்கள், இலையில் வெள்ளைப் பூஞ்சை படியும். தண்ணீரும் அடியில்தான் ஊற்ற வேண்டும்.

நர்சரியில் பூத்துக் குலுங்கும் நாற்றைத்தான் கை தேடும். அதை விட்டுவிட்டு, நிறம் தெரியும் அளவுக்கு ஒன்றிரண்டு மொட்டு மட்டும் விரிந்த குட்டையான நாற்றை எடுங்கள். பையின் அடியில் வேர் சுற்றிச் சுற்றிப் பின்னியிருந்தால் வேண்டாம். இலையைத் திருப்பிப் பாருங்கள். வெள்ளையாகப் பஞ்சோ, மெல்லிய வலையோ இருந்தால் அந்த வரிசையையே தாண்டிப் போங்கள்.

நட்டு வேர் பிடித்தபின் ஜினியா ஒரு சாண் உயரம் வந்ததும் மூன்றாவது இலைச்சோடிக்கு மேலே நுனியைக் கிள்ளுங்கள். மனசு கேட்காதுதான். ஆனால் கிள்ளிய இடத்துக்குக் கீழே இரண்டு பக்கமும் கிளை விட்டு, ஒரு பூ வர வேண்டிய இடத்தில் பல பூ வரும். வாடிய பூக்களையும் உடனுக்குடன் வெட்டிவிடுங்கள்.

பருவம் முடியும்போது கோழிக்கொண்டையைக் காகிதத்தின் மேல் கவிழ்த்து உதறினால் மினுமினுக்கும் கறுப்பு விதைகள் கொட்டும். வாடாமல்லி உருண்டைகளை அப்படியே காயவைத்து எடுத்துவைக்கலாம். கலப்பின ஜினியா விதையை மட்டும் சேமிக்க வேண்டாம், தாய்ச்செடியின் நிறம் அப்படியே வராது.