கேபிள் மோடத்தை மாற்றும் முன் லேன் வயரில் ஒரு சோதனை
மாயவரம், கும்பகோணம் பக்கம் கேபிள் லைனில் நெட் வைத்திருப்பவர்கள் வேகம் குறைந்ததும் புது மோடம் வாங்க ஓடாதீர்கள். முதலில் லேப்டாப்பை லேன் வயரில் நேராக மோடத்தில் மாட்டி வேகம் பாருங்கள். பிளானுக்கு உரிய வேகம் வந்தால் மோடத்தில் குறையில்லை, வைஃபையைத்தான் கவனிக்க வேண்டும்.

வயரிலும் குறைவா? மோடத்தின் அடியில் உள்ள மாடல் எண்ணை வைத்து அது எந்த டாக்சிஸ் (கேபிள் லைனில் நெட் தரும் தொழில்நுட்பத்தின் பதிப்பு) என்று தேடுங்கள். 2.0 என்றால் 50 எம்பிபிஎஸ்கூடத் தாண்டாது, 100 எம்பிபிஎஸ் பிளான் போட்டவர் தாராளமாக மாற்றலாம். ஆனால் ஒரே நேரத்தில் 8 சேனலில் டேட்டா இறக்கும் 3.0 மோடம் 300 வரை தாங்கும், அதை வைத்துக்கொண்டு 100 பிளானுக்காக 3.1 வாங்குவது வீண் செலவு. (மோடத்தின் லேன் போர்ட் கிகாபிட்டா, அதாவது 1000 எம்பிபிஎஸ் வரை தாங்குமா என்றும் பாருங்கள், நிறைய பேர் இதை விட்டுவிடுகிறார்கள்.)

அப்புறம், ஐப்பசி கார்த்திகை மழையில் வெளியே தொங்கும் வயரின் கனெக்டரில் தண்ணீர் இறங்கிப் பச்சை பூத்துவிடும். எங்கள் வீட்டில் போன மழைக்கு நெட் விட்டு விட்டு வந்தது, மோடம்தான் போச்சு என்று நினைத்தோம். கனெக்டரையும் டிவிக்குப் பிரிக்கும் ஸ்ப்ளிட்டரையும் மாற்றியதும் சரியாகிவிட்டது. வாங்கித்தான் ஆக வேண்டும் என்றால், அந்த மாடலை உங்கள் ஆபரேட்டர் தன் லைனில் ஏற்றித் தருவாரா என்று முன்னாலேயே கேட்டுக்கொள்ளுங்கள்.