மொட்டை மாடியில் நீராவி ரயில்: முதல் இன்ஜினைத் தேர்ந்தெடுப்பது எப்படி?

வடசென்னைக்கும் நீராவிக்கும் பழைய உறவு. தென்னிந்தியாவின் முதல் பயணிகள் ரயில் 1856இல் ராயபுரத்திலிருந்துதான் கிளம்பியது. 1855இல் தயாரான ஈ.ஐ.ஆர். (ஈஸ்ட் இந்தியன் ரயில்வே) 21 என்ற நீராவி இன்ஜினைப் பழுதுபார்த்து, 2010இல் மீண்டும் ஓடவைத்தது பெரம்பூர் லோகோ ஒர்க்ஸ். அப்பாவோ தாத்தாவோ ரயில்வே ஒர்க்ஷாப்பில் வேலை பார்த்த வீடுகள் பெரம்பூர், அயனாவரம் பக்கம் ஏராளம். அந்த வீடுகளில் வளர்ந்த ஒருவருக்கு, மின்சாரத்தில் ஓடும் மாதிரி ரயில் போதாமல், நெருப்பும் தண்ணீரும் பிஸ்டனுமாக ஓடும் சின்ன இன்ஜின் மீது ஆசை வருவது இயல்பு. இந்தப் பதிவு அவருக்காக.

வெளிநாட்டில் இதற்குத் தோட்டம் வேண்டும் என்பார்கள். நமக்கு மொட்டை மாடி இருக்கிறது. மாடி எந்த இன்ஜினை ஓடவிடுமோ அதுதான் உங்கள் முதல் இன்ஜின். படத்தில் பார்த்து மயங்கியது இரண்டாவதாக வரட்டும்.

படி 1: டேப்பை எடுத்துக்கொண்டு மாடிக்குப் போங்கள்

இந்தச் சின்ன நீராவி ரயில் உலகில் இரண்டு தண்டவாள அகலங்கள் பரவலாக உள்ளன: 32 மில்லிமீட்டர், 45 மில்லிமீட்டர். டார்ஜிலிங் ரயில் போன்ற இரண்டடிப் பாதையை 19இல் ஒரு பங்காகச் சுருக்கினால் 32 வரும். ஊட்டி ரயிலின் மீட்டர் கேஜை (ஒரு மீட்டர் அகலப் பாதையை) 22.5இல் ஒரு பங்காகச் சுருக்கினால் ஏறக்குறைய 45 வரும். எதை எடுத்தாலும் தவறில்லை. சில இன்ஜின்களில் சக்கரங்களை நகர்த்தி இரண்டு அகலத்துக்கும் மாற்றிக்கொள்ளலாம். முடிவெடுக்கத் தயங்குபவர்களுக்கு அவை நல்ல வழி.

அகலத்தைவிட வளைவுதான் முக்கியம். ஆயத்தமாகக் கிடைக்கும் 45 மி.மீ. வளைவுத் துண்டுகளில் மிகச் சிறியதன் ஆரம் சுமார் 60 செ.மீ. நான்கு சக்கரச் சின்ன இன்ஜின்களில் பல அதில் திரும்பிவிடும். ஆனால் பெரிய சக்கரங்களும் நீண்ட உடலும் கொண்ட எக்ஸ்பிரஸ் வகை இன்ஜினுக்கு இரண்டு மூன்று மீட்டர் ஆரம் கேட்கும். தண்ணீர்த் தொட்டி, கொடிக் கயிறு, டிஷ் ஆன்டெனா எல்லாம் போக உங்கள் மாடியில் மிஞ்சுவது எவ்வளவு என்று அளந்து எழுதிக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, நம் மாடிகளுக்கே உரியது: சரிவு. மழைநீர் வடிகுழாய் பக்கம் ஓடுவதற்காகத் தளத்தைச் சாய்த்துத்தான் போட்டிருப்பார்கள். நூற்றுக்கு ஒன்று என்ற சரிவே இருந்தாலும், 3 மீட்டர் விட்ட வட்டத்தில் ஒரு பக்கம் 3 செ.மீ. தாழ்ந்துவிடும். நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரியாது. இன்ஜினுக்கு நன்றாகத் தெரியும். இறக்கத்தில் பாய்ந்து ஓடி வளைவில் கவிழும், ஏற்றத்தில் முனகி நின்றுவிடும். எனவே தண்டவாளத்தைத் தளத்தில் நேரடியாகப் போடாமல், பலகை மேல் வைத்து, கொத்தனார்கள் பயன்படுத்தும் தண்ணீர் டியூபால் மட்டம் பார்த்து, தாழ்ந்த பக்கத்துக்கு முட்டுக் கொடுங்கள்.

படி 2: எரிபொருளை முடிவு செய்யுங்கள்

நிலக்கரி வேண்டாம். அது அருமையானது, ஆனால் தண்ணீர், தீ, அழுத்தம் மூன்றையும் ஒரே நேரத்தில் கவனிக்கும் கை பழகிய பிறகு வர வேண்டியது.

ஸ்பிரிட்டும் (எரிபொருளாகும் ஆல்கஹால்) முதல் இன்ஜினுக்கு வேண்டாம். தமிழ்நாட்டில் அதை வாங்குவதற்கும் வைத்திருப்பதற்கும் கட்டுப்பாடுகள் உண்டு. அதைவிடப் பெரிய காரணம், பட்டப்பகலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. சிந்திய ஸ்பிரிட் எரிந்துகொண்டிருப்பதை விரல் பட்ட பிறகுதான் அறிவீர்கள்.

மிச்சம் பியூட்டேன் வாயு. என் பரிந்துரை அதுதான். குளிர்நாட்டுக்காரர்கள் குளிர்காலத்தில் பியூட்டேன் போதிய அழுத்தம் தராமல் புரொப்பேன் கலந்ததை நாடுவார்கள். நம் வெயிலுக்கு வெறும் பியூட்டேனே தாராளம். லைட்டரில் நிரப்பும் சிறிய டின்னே பல இன்ஜின்களுக்குப் பொருந்தும். சமையல் சிலிண்டரிலிருந்து நிரப்புவதைப் பற்றி நினைக்கவே கூடாது. அதிலுள்ள புரொப்பேனின் அழுத்தம் மிக அதிகம். இன்ஜினின் குட்டித் தொட்டி அதற்காகச் செய்யப்பட்டதல்ல.

படி 3: இன்ஜினில் என்னென்ன இருக்க வேண்டும்?

இரண்டு சிலிண்டர், நான்கு சக்கரம், பாய்லருக்குள் செல்லும் குழாயில் எரியும் வாயு பர்னர். அக்யூகிராஃப்ட் நிறுவனத்தின் ரூபி, ரவுண்ட்ஹவுஸ் நிறுவனத்தின் மில்லி போன்றவை இந்த வகை. பாய்லருக்கு அடியில் வெளியே தீ எரியும் எளிய வகைகள் விலை குறைவு. கடற்காற்று வீசும் திருவொற்றியூர், காசிமேடு மாடிகளில் அந்தத் தீ ஆடி அலைந்து அணையும். குழாய்க்குள் எரியும் தீக்குக் காற்றிலிருந்து பாதுகாப்பு அதிகம்.

சேஃப்டி வால்வு எல்லாவற்றிலும் இருக்கும். அழுத்தத்தைக் காட்டும் பிரஷர் கேஜும் இருந்தே ஆக வேண்டும் என்று நான் வலியுறுத்துவேன். முள் மெல்ல ஏறி 40 பி.எஸ்.ஐ. (அழுத்தத்தின் அலகு) பக்கம் போவதைப் பார்த்துத்தான் பாய்லரின் குணம் பிடிபடும். முன்னும் பின்னும் ஓட்ட லீவர் இருந்தால் நல்லது. சில எளிய இன்ஜின்களில் லீவர் இருக்காது, போக வேண்டிய திசையில் கையால் லேசாகத் தள்ளினால் அந்தத் திசையிலேயே ஓடும். அதுவும் போதும். ரேடியோ ரிமோட் பிறகு பொருத்திக்கொள்ளலாம். சரிவில்லாத பாதையும் பின்னால் இழுக்க இரண்டு மூன்று பெட்டிகளும் இருந்தால் வேகம் ஓரளவு தானே அடங்கும்.

படி 4: வாங்கும்போது

புதிது வாங்கினால் பாய்லர் சோதனைச் சான்று, கையேடு, உதிரிபாகம் கிடைக்குமா என்ற மூன்றையும் கேளுங்கள். இறக்குமதி என்றால் சுங்க வரியையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். பழையது என்றால் சக்கரத்தை விரலால் உருட்டிப் பாருங்கள். ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப இறுகினால் சக்கரங்களை இணைக்கும் கம்பிகள் வளைந்திருக்கலாம். வாயு இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். விற்பவர் நீராவி ஏற்றி ஓட்டிக் காட்ட மறுத்தால் வாங்க வேண்டாம்.

படி 5: முதல் ஓட்டம்

தண்ணீர் விஷயத்தில் வடசென்னைக்காரர்கள் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். நம் போர்வெல் உப்புநீர் பாய்லரில் ஒருமுறைகூடப் போகக் கூடாது. உப்பும் சுண்ணாம்பும் படிந்து பாய்லரைக் கெடுத்துவிடும். மழைக்காலத்தில் முதல் மழை தளத்தைக் கழுவிய பிறகு பிடித்து, துணியில் வடிகட்டிய மழைநீர் நல்லது. வாலை வடித்த (டிஸ்டில்டு) நீரும் நல்லது. பேட்டரிக்கு என்று விற்பது பெரும்பாலும் உப்பு நீக்கிய நீர். பித்தளைப் பாகங்களை அது அரிக்கும் என்று சில தயாரிப்பாளர்கள் எச்சரிக்கிறார்கள், கையேட்டைப் பாருங்கள்.

வரிசை இது: லூப்ரிகேட்டரில் (சிலிண்டருக்கு எண்ணெய் தரும் சின்னக் கிண்ணத்தில்) நீராவி இன்ஜினுக்கான கெட்டி எண்ணெய், பிறகு பாய்லரில் தண்ணீர், கடைசியில் வாயு. கார் எண்ணெய் ஈர உலோகத்தில் ஒட்டாது. பாய்லரை விளிம்புவரை நிரப்பாமல் நீராவிக்குக் கொஞ்சம் இடம் விடுங்கள். வாயு நிரப்பும்போது சற்றுச் சீறும்; அருகில் எந்தத் தீயும் இருக்கக் கூடாது. ஈரச் சாக்கு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

நிரப்பிய வாயு காற்றில் கலைந்த பிறகு, லைட்டரைப் புகைபோக்கி மேல் பிடித்து வாயு வால்வை மிகக் கொஞ்சமாகத் திறந்தால், ‘பொப்’ என்ற சத்தத்தோடு தீ உள்ளே இறங்கி உறுமத் தொடங்கும். அழுத்தம் ஏறியதும் ரெகுலேட்டரை (சிலிண்டருக்கு நீராவி விடும் வால்வை) சிறிது திறந்து, இன்ஜினைக் கையால் முன்னும் பின்னும் உருட்டுங்கள். குளிர்ந்த சிலிண்டரில் தேங்கிய நீர் புகைபோக்கி வழியே துப்பும். முகத்தைத் தள்ளி வையுங்கள். நீர் வெளியேறியதும் இன்ஜின் தானாக நகரும்.

பெரும்பாலான இன்ஜின்களில் தண்ணீர் தீரும் முன் வாயு தீரும்படி அளவு வைத்திருப்பார்கள். அதனால் நடுவில் வாயுவை மட்டும் மறுபடி நிரப்பாதீர்கள். தீ அணைந்து, அழுத்தம் முழுக்க இறங்கி, இன்ஜின் ஆறிய பிறகு எண்ணெய், தண்ணீர், வாயு மூன்றையும் முதலிலிருந்து நிரப்பி அடுத்த ஓட்டத்தைத் தொடங்குங்கள்.