பெயரைத் திருகினால் மட்டும் பகடி ஆகிவிடாது

புகழ்பெற்ற நாவலைப் பகடி செய்ய உட்காருகிறவர்கள் முதலில் கைவைப்பது பெயர்களில்தான். நாயகி பெயரில் ஓர் எழுத்தைத் திருகி, ஊர்ப்பெயரைக் கோணலாக்கியதும் வேலை முடிந்தது என்று நினைத்துவிடுகிறார்கள். அந்தச் சிரிப்பு இரண்டாம் பக்கம்வரைகூடத் தாங்காது.

ஆங்கில நாவலாசிரியர் ஹென்றி ஃபீல்டிங் செய்ததைப் பாருங்கள். 1740இல் சாமுவேல் ரிச்சர்ட்சனின் 'பமேலா' வந்தது. எசமானின் தொல்லைக்கு இணங்காத பணிப்பெண் கடைசியில் அவனையே மணக்கிறாள். ஒழுக்கத்துக்குக் கிடைத்த பரிசு அது என்கிறது நாவல். அடுத்த ஆண்டே ஃபீல்டிங் புனைபெயரில் 'ஷமேலா'வை வெளியிட்டார். 'ஷாம்' என்றால் போலி. இந்தப் பெண்ணின் ஒழுக்கம் வேஷம் என்ற குற்றச்சாட்டு தலைப்பிலேயே வந்துவிட்டது. மூலத்தில் எசமானுக்கு முழுப்பெயர் கிடையாது, வெறும் 'மிஸ்டர் பி'. அதை ஃபீல்டிங் 'பூபி' என்று விரித்தார். மடையன் என்று பொருள். ரிச்சர்ட்சன் மறைத்துவைத்த இடத்திலேயே விரலை வைத்தார். எத்தனை முறை படித்தாலும் எனக்கு இது அலுப்பதில்லை.

கதையை மட்டும் கிண்டலடித்து, சொல்முறையைத் தொடாமல் விடுவது இன்னொரு தவறு. பமேலா நடப்பதையெல்லாம் சுடச்சுடக் கடிதமாக எழுதுகிறவள். ஷமேலாவோ படுக்கையில் இருந்தபடி, எசமான் கதவைத் திறந்து உள்ளே வரும்போதும் எழுதுகிறாள். தான் நிகழ்காலத்தில் எழுதுவதையும் சொல்லிக்கொள்கிறாள். மூலத்தின் கதைச்சுருக்கத்தை மட்டும் படித்தவர் கையில் இது அகப்படாது. வரிவரியாகப் படித்திருக்க வேண்டும்.

நீட்டவும் கூடாது. 'ஷமேலா' சிறு நூல்தான். 1742இல் பமேலாவின் சகோதரனை நாயகனாக்கி 'ஜோசப் ஆண்ட்ரூஸ்' எழுதியபோது, ஃபீல்டிங் சில அத்தியாயங்களிலேயே பகடியை விட்டுத் தன் கதையின் வழியில் போய்விட்டார்.

யாரைப் பார்த்துச் சிரிக்கிறோம் என்று யோசிக்காமல் எழுதுவதுதான் எனக்குப் பொறுக்காத தவறு. அமெரிக்காவில் அடிமைகளை வைத்திருந்த பண்ணைக் குடும்பங்களின் பக்கம் நின்று கதை சொல்லும் மார்கரெட் மிட்செலின் 'கான் வித் த விண்ட்' நாவலை, எழுத்தாளர் ஆலிஸ் ராண்டல் 2001இல் ஓர் அடிமைப்பெண்ணின் குரலில் திருப்பி எழுதினார். மூலத்தில் ஒரு பண்ணையின் பெயர் 'பன்னிரண்டு ஓக் மரங்கள்'. ராண்டலிடம் அது 'மரங்களைப்போல் வலுவான பன்னிரண்டு அடிமைகள்' ஆனது. சிரிப்பு அடிமைகளைப் பார்த்து அல்ல, எசமானர்களைப் பார்த்து. மிட்செல் தரப்பு வழக்குப் போட்டு நூலுக்குத் தடை வாங்கியது. மேல்முறையீட்டு நீதிமன்றம் அதே ஆண்டில் தடையை நீக்கியது.